கை நனைக்காத வீடு

1

நம்ம சபைப் பத்திரிகை ஆசிரியர் அய்யா மூணு வருஷமா எனக்குக் கடுதாசி போட்டுக்கிட்டே இருக்கார். "சிஸ்டர், அமெரிக்கா வாழ்க்கையைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க, நம்ம ஜனங்க ஆசையா படிப்பாங்க"ன்னு. நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டுல "ஆகட்டும் அய்யா"ன்னு எழுதி அனுப்பிட்டு சும்மா இருந்துடுவேன். இன்னாத்தை எழுதறது? நீங்க எதிர்பார்க்கிற அமெரிக்கா என்கிட்ட இல்ல. வானத்தை முட்டற கட்டடத்தை வந்து இறங்கின அன்னிக்கு பஸ் ஜன்னல் வழியா ஒரு மணி நேரம் பார்த்ததோட சரி. அதுக்கப்புறம் பதினோரு வருஷமா நான் பார்க்கிறது மலை, மழை, கரித்தூசி, பூட்டிக் கிடக்கிற சுரங்கம். இதைப் போட்டா பத்திரிகை விக்குமா?

போன வாரம் ஆபீஸ்ல எனக்கு ஒரு சின்ன விழா எடுத்தாங்க. பத்து வருஷ சேவையாம். சட்டையில ஒரு பின்னைக் குத்தி, கேக் வெட்டினாங்க. என் மேலதிகாரி பிரெண்டா எழுந்து நின்னு, "எஸ்தருக்குக் கதவு திறக்காத வீடே இந்த மலையில கிடையாது"ன்னு பேசினாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நான் கேக் தட்டைக் கீழே வெச்சுட்டேன். ஒரு வீடு இருந்துச்சு. பிரெண்டாவுக்கும் அது தெரியும். நூத்துக்கணக்கான ஃபைல்ல அது ஒண்ணு, மறந்துட்டாங்க. எனக்கு மறக்கல. சரி, எழுதித் தொலைக்கலாம்னு உட்கார்ந்துட்டேன். பனியைப் பத்தி வேற யாராவது எழுதிக்கட்டும்.

2

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்குச் சொல்லிடறேன். ஒரகடத்துப் பக்கம் ஏரிக்கரைக் காலனி, செங்கல் சூளை தாவீதோட மூத்த பொண்ணு எஸ்தர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய், ரயிலேறி, மெட்ராஸ்ல நர்ஸ் படிச்சேன். இங்க நர்ஸுக்கு ஆள் பத்தலைன்னு எடுத்த காலத்துல நானும் வந்தேன். பெரிய ஊர்ல ஆஸ்பத்திரி வேலைன்னுதான் கூப்ட்டாங்க. அவங்க குடுத்த காகிதத்துல எந்தக் கட்டத்துல நான் என்ன குறி போட்டேனோ, கிராமத்துல வேலை செய்யச் சம்மதம்னு ஆயிப்போச்சு. "கிராமத்துல பொறந்தவளுக்கு கிராமம் இன்னா புதுசா?"ன்னு என் வீட்டுக்காரர் தேவராஜ் சிரிச்சார். அவருக்கென்ன, சிரிப்பார். மலைப்பாதையில கார் ஓட்டப் பழகினது நான்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்க வீட்டுக்கு சர்க்கார் கார்ல போகணும். புண்ணு கட்டணும், ஊசி போடணும், மாத்திரை முழுங்கினாங்களான்னு பார்க்கணும். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு ஃபாரம். வீட்ல எத்தனை ரூம், கக்கூஸ் உள்ளயா வெளியவா, குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது, அது நல்ல தண்ணியா. புண்ணு கட்டறது பத்து நிமிஷம்னா ஃபாரம் எழுதறது அரை மணி.

நம்ம ஊர்ல வெள்ளைக்காரங்கன்னா யாரு? மிஷன் பங்களா டாக்டரம்மா. அவங்க தெருவுல வந்தா குந்திக்கிட்டு இருக்கறவங்க எல்லாரும் எழுந்து நிப்போம். இங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு வளைவுல கார் திரும்புது, எதிர்ல ஒரு வெள்ளைக்காரம்மா. வெறுங்கால். ரெண்டு கையிலயும் வாளி. ஓடையில தண்ணி மொண்டுக்கிட்டு மேட்டுல ஏறி வராங்க. நான் காரை நிறுத்திட்டு இறங்கி மரியாதையா நின்னுட்டேன். பழக்கம், என்ன பண்றது. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, வழி தவறி வந்துட்டியான்னு கேட்டாங்க.

சுரங்கத்தை மூடிட்டாங்க. வேலை செஞ்ச ஆம்பளைங்களுக்கு நெஞ்சு நிறைய கரித்தூசி, மாடிப்படி நாலு ஏறினா மூச்சு வாங்குது. பசங்க வடக்கே கார் ஃபேக்டரி இருக்கிற ஊருக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க தகரக் கூரைக்கடியிலயும், சக்கரம் கழட்டின பெட்டி வண்டியிலயும் குடும்பம் நடத்தறாங்க. கீழே டவுன்ல இருக்கறவங்க இவங்களை மனுஷங்களாவே மதிக்கிறதில்ல. "மலைச்சந்து ஆளுங்க சோம்பேறிங்க, குளிக்க மாட்டாங்க, நீ எது குடுத்தாலும் வித்துக் குடிச்சுடுவாங்க"ன்னு பாங்க் மேனேஜர் சம்சாரம் சொல்வாங்க. பக்கத்து டவுன்ல நம்ம நாட்டு டாக்டர் குடும்பம் நாலஞ்சு இருக்கு. அவங்க வீட்டு விருந்துலயும் இதே பேச்சுதான், தமிழ்ல. எங்க காலனியைப் பத்தி ஊர்த்தெருவுல பேசினதும் இதேதான், ஒரு வார்த்தை மாறல. அந்த விருந்துல ஒரு டாக்டர் சம்சாரம் என்னை, "ஒரகடம்னா அங்க எந்தத் தெரு?"ன்னு கேட்டாங்க. நான் தட்டுல இருந்த வடையைப் பார்த்துக்கிட்டே "ஏரிக்கரை"ன்னேன். அதுக்கு மேல அவங்களும் கேக்கல, அடுத்த விருந்துக்குக் கூப்பிடவும் இல்ல.

மலை ஜனங்க பேசற இங்கிலீஷை டவுன்காரங்க பேசிக் காட்டிச் சிரிப்பாங்க. மெட்ராஸ் ஹாஸ்டல்ல நான் "இன்னா", "கீது"ன்னு வாயைத் திறந்தா தெக்கத்திப் பொண்ணுங்க தலையணையில மூஞ்சியைப் பொத்திக்கிட்டுச் சிரிச்ச மாதிரி. அதனால மலை ஜனங்க பேச்சை நான் நம்ம காலனிப் பேச்சுலயே எழுதறேன். சுத்தத் தமிழ்ல எழுதினா அது பொய்யாயிடும்.

3

நான் சொன்ன அந்த ஒரு வீடு வெர்னாவோடது. நாலு வருஷம் முன்னாடி, அவங்களுக்கு அப்ப அம்பத்தாறு வயசு. அம்மா வயசுக்காரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரல, "வெர்னாம்மா"ன்னு கூப்ட்டேன். புருஷன் நெஞ்சுத் தூசியில செத்துட்டார். ஒரே மகன், வடக்கே கார் ஃபேக்டரியில இருக்கார். இந்தம்மாவுக்கு சர்க்கரை வியாதி. இடது உள்ளங்கால்ல ஒரு ரூபா அகலத்துக்குப் புண்ணு. வாரம் ரெண்டு தடவை நான் போய்க் கழுவிக் கட்டணும். விட்டா கால் போயிடும்னு டாக்டர் எழுதியே குடுத்திருந்தார்.

முதல் நாள் கட்டுப் போட்டுட்டுக் கிளம்பறப்ப, வாய்ப் பழக்கத்துல "போயிட்டு வரேன்"ங்கறதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். அடுத்த தடவை போனா, "சாயங்காலம் வரிக்கும் கதவத் தொறந்து வெச்சுக்கினு ஒக்காந்திருந்தேன், நீ வரவேயில்ல"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து ஒரு சிநேகம்.

புண்ணு கட்டறப்ப நாட்டுக் கதை, வீட்டுக் கதை எல்லாம் பேசுவோம். அந்தச் சமயம் இங்க சர்க்கார்ல ஏழைங்களுக்குச் சீஸ் கட்டி குடுத்தாங்க, டவுன் சர்ச் ஹாலுக்கு வெளியே வரிசையில நின்னு வாங்கணும். வரிசையில நின்னா கார்ல போறவங்க பார்ப்பாங்கன்னு இந்தம்மா போகவே மாட்டாங்க. நான் சொன்னேன், "எங்க ஊர்லயும் பஞ்ச காலத்துல வரிசையில நின்னோம் வெர்னாம்மா. பால்பவுடரு, எண்ணெய் டின்னு. அமெரிக்க ஜனங்க அனுப்பினதுன்னு டின்னு மேலயே எழுதியிருக்கும்."

வெர்னாம்மா என் பக்கம் திரும்பினாங்க. "நாங்களா அன்ப்சோம்? எங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கலியே. கேட்டிருந்தா நல்லதா எதுனா சேத்து அன்ப்பியிருப்போம்." அவங்க கிண்டலாச் சொல்லல. வருத்தமாவே சொன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நான் போற ஒவ்வொரு தடவையும் அந்தம்மா எனக்குன்னு ஒரு தட்டு எடுத்து வைப்பாங்க. சோள ரொட்டி, வேக வெச்ச பயறு. ஒரு கோப்பையில காப்பி. வீட்ல மத்ததெல்லாம் ஓரம் பேந்த குவளைங்க. அது ஒண்ணுதான் சாஸரோட இருக்கிற கோப்பை. நான், "ஐயோ வேணாம்மா, இப்பதான் சாப்ட்டு வந்தேன்"னு சொல்வேன். உடனே அவங்க "சரி"ன்னு தட்டை எடுத்து உள்ளே வெச்சுடுவாங்க.

நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கம் இது தப்பா? யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல வேணாம்னுதான் சொல்லணும். உடனே சரின்னு உக்காந்தா, சோத்துக்கு அலைஞ்சவன்னு பேர் வரும். நாம வேணாம்னா வீட்டுக்காரங்க விட மாட்டாங்க. "அட சும்மா ஒரு வாய்"னு கையைப் புடிச்சு இழுப்பாங்க, தட்டைக் கையால மறைச்சாலும் விரல் சந்துல ஊத்துவாங்க. மூணு தடவை மறுத்து நாலாவது தடவை உக்காந்தா சாப்பிடறவங்களுக்கும் மரியாதை, போடறவங்களுக்கும் மரியாதை. வெர்னாம்மா ரெண்டாவது தடவை கேட்டிருந்தா நான் உக்காந்திருப்பேன். அவங்க கேக்கவே இல்ல.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். இங்க ஏழைங்களுக்குச் சாமான் வாங்க சர்க்கார் ஒரு சீட்டு குடுக்கும். அது மாசக் கடைசி வரைக்கும் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். அவங்க சாப்பாட்டை நான் ஏன் தின்னணும்னு நினைச்சேன். எவ்ளோ நல்ல மனசு எனக்குன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். இப்படியே வெயில் காலம் பூரா ஓடிச்சு.

4

இலை பழுக்க ஆரம்பிச்சப்ப ஒரு நாள் போனேன். வலைக்கதவு உள்பக்கம் கொக்கி போட்டிருந்துச்சு. உள்ளே டிவி ஓடற சத்தம். தட்டினேன். வெர்னாம்மா ஒரு கையில கம்பு ஊனிக்கிட்டு வந்து கதவுக்கு அந்தப் பக்கமே நின்னாங்க.

"கால் ஆறிப் போச்சு. இனிமே வாணாம்"னாங்க.

ஆறலைன்னு எனக்கு மூக்காலேயே தெரிஞ்சுது. நர்ஸ் மூக்கை ஏமாத்த முடியாது. என்ன கோபம், யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன். கதவு மூடிக்கிச்சு. மூணு நாள் கழிச்சு மறுபடி போனேன், அதே கொக்கி, அதே பதில்.

ஆபீஸ்ல இதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. நோயாளி வேணாம்னு சொன்னா அவங்ககிட்டயே கையெழுத்து வாங்கணும். மூணு கையெழுத்து ஆச்சுன்னா கேஸை மூடிடணும். மூடினதைத் திரும்பத் திறக்கணும்னா புதுசா மனு, டாக்டர் சீட்டு, கமிட்டி, எல்லாம் முடிய ஆறு வாரம். ரெண்டு தடவையும் வெர்னாம்மா கதவுச் சந்துல கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அந்தக் கால் ஆறு வாரம் தாங்காது.

பிரெண்டாகிட்டப் போய் வேற நர்ஸை அனுப்பிப் பாருங்கன்னு கேட்டேன். "வேற நர்ஸ் யாரு இருக்கா?"ன்னாங்க. அதுவும் உண்மைதான், இருந்தது நாங்க ரெண்டு பேர், இன்னொருத்தி பிரசவ லீவுல. "அந்த ஆளுங்களே அப்படித்தான் எஸ்தர், உதவியைக் காலால தள்ளுவாங்க. மனசைப் போட்டு ஒழப்பிக்காத"ன்னு என் தோளைத் தட்டினாங்க.

அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில என் பொண்ணு ஷீலாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டுப் போனேன். அப்ப அவளுக்குப் பத்து வயசு. "அம்மா, சர்க்கார் முத்திரை போட்ட இந்தக் காரை கேட்டாண்ட நிறுத்தாதே, அடுத்த தெருவுல நிறுத்து"ன்னு இங்கிலீஷ்ல சொன்னா. ஏன்டின்னேன். அந்தக் கார் யார் வீட்டுக்குப் போகும்னு எல்லாருக்கும் தெரியுமாம், கிளாஸ்ல சிரிக்கிறாங்களாம். அவ கிளாஸ்ல இலவசச் சாப்பாட்டுப் பசங்களுக்கு வேற கலர் சீட்டாம், அவங்க தனி மேஜையாம். தட்டைத் தூக்கிக்கிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில நின்னு படிச்சவடீ உங்கம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். அசதியா இருந்துச்சு. சொல்லல.

5

மூணாவது தடவை போனப்ப ஃபாரம் பைக்குள்ள இருந்துச்சு. எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் போனேன். வெர்னாம்மா வந்து கொக்கிக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. கால்ல பழைய துணியைச் சுத்தி இருந்தாங்க.

"வெர்னாம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிடுங்க. அப்புறம் போயிடறேன்."

கம்பை மறு கைக்கு மாத்திக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க:

"எஸ்தரு, நீ புண்ண நல்லாத்தான் கட்டற. ஆனா வெயிலு ஆரம்பிச்சதுலேந்து வந்துகினு கீற, என் வூட்ல ஒரு நாளு கை நனைச்சியா? டவுன் சர்ச்சு அம்மாங்க கிறிஸ்மஸுக்குப் பொட்டி எத்துக்கினு வருவாங்க. வாசல்லயே நின்னு குட்துட்டு, ஒக்காருங்கன்னா டைம் இல்லன்னு பூடுவாங்க. அவுங்கள எனக்குத் தெரியும், அது போவட்டும். நீ கறுப்பா கீற, தூர தேசத்துலேந்து வந்துகீற, வரிசைல நின்னேன்னு வேற சொன்ன. ஒன்ன நான் அவுங்க மாரி நெனைக்கல. ஒவ்வொரு வாட்டியும் அந்தத் தட்ட எத்துக்கினு உள்ள போறப்ப எனக்கு எப்டி இருந்திருக்கும்? இதுக்கு மேல என்னால முடியாது."

நான் பதறிப்போய் நம்ம வழக்கத்தைச் சொன்னேன். வேணாம்னு சொல்றது வேணாம்னு அர்த்தம் இல்ல, மறுபடி மறுபடி கேக்கணும், கேட்டாத்தான் சாப்பிடுவோம்னு. சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாத் தெரிஞ்சுது.

"வாணாம்னவங்கள மறுபடி கேட்டா அது கெஞ்சற மாரி"ன்னாங்க. "எங்களாண்ட இன்னா இல்லன்னாலும், நாங்க கெஞ்சற ஜனம் இல்ல."

நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க காலனிக்கு ஒரு நர்ஸம்மா வருவாங்க. மாசமா இருக்கிற பொம்பளைங்களைப் பார்க்க. வெள்ளைச் சேலை, கறுப்புச் செருப்பு, கையில தோல் பெட்டி. நான் நர்ஸ் ஆகணும்னு ஆசைப்பட்டதே அவங்களைப் பார்த்துத்தான். என் தம்பி சாமுவேல் வயித்துல இருந்தப்ப எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்கம்மா எங்கேயோ போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிட்டு வந்து, சாம்பல் போட்டு மூணு தடவை கழுவி, காப்பி போட்டு வெச்சாங்க. நர்ஸம்மா சிரிச்ச முகத்தோட, "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தேன்"னுட்டு, தன் பையிலேர்ந்து பாட்டிலை எடுத்துத் தண்ணி குடிச்சாங்க. அம்மா அந்தக் காப்பியை எங்களுக்கும் குடுக்கல, கீழேயும் ஊத்தல. அடுப்பாண்ட வெச்சுட்டு, "நம்ம வூட்ல கை நனைச்சா அவுங்க வேல பூடுமா இன்னா?"ன்னு அடுப்பைப் பார்த்துச் சொன்னாங்க. அந்த நர்ஸம்மாகிட்ட நான் ஊசி போடற நேக்கைக் கத்துக்கிட்டேன், சிரிச்ச முகத்தைக் கத்துக்கிட்டேன். இதையும் சேர்த்துக் கத்துக்கிட்டு பத்தாயிரம் மைல் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன்னு அந்த வலைக்கதவாண்ட நின்னப்பதான் உறைச்சுது. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அதனாலதான் அப்படிக் கேட்டுட்டேன். "வெர்னாம்மா, பசிக்குது. எதுனா சாப்பிடக் குடுங்க."

அவங்க மூஞ்சி மாறிச்சு. கொக்கியை எடுத்தாங்க. "உள்ள வா. ஒக்காரு"ன்னாங்க. நான் உள்ளே போய் நாற்காலியில உக்காந்தேன். அப்பாடா, கால் பொழைச்சுதுன்னு நினைச்சேன்.

அவங்க கம்பை ஊனிக்கிட்டு அடுக்களைக்குள்ள போனாங்க. அலமாரி திறக்கிற சத்தம். மூடற சத்தம். இன்னொரு கதவு. ஏதோ டின்னோட மூடி. டின்னைத் தட்டற சத்தம். அப்புறம் முதல் அலமாரியையே திரும்பத் திறக்கிறாங்க. எனக்கு அப்பதான் நாள் ஞாபகம் வந்துச்சு. அது மாசத்துக் கடைசி வாரம். பாவி, நான் அதை யோசிக்கவே இல்ல. எழுந்து போயிடலாமான்னு பார்த்தேன். எழுந்தா அது இன்னும் கேவலம். உக்காந்தா அவங்க தேடிக்கிட்டே இருப்பாங்க. உக்காந்தே இருந்தேன்.

வெறுங்கையோட வந்தாங்க. ஈரமே இல்லாத கையை முந்தானையில துடைக்கிற மாதிரி கவுன்ல துடைச்சுக்கிட்டே வந்தாங்க.

"தண்ணி போதும் வெர்னாம்மா. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, குடிக்கிறேன்"னேன்.

"என் தண்ணி நல்ல தண்ணி இல்லன்னு நீதான ஃபாரத்துல எய்தின?"

ஆமாம். எழுதினேன். அந்தக் கட்டத்துல குறி போட்டது என் கைதான். சட்டப்படி சரியாத்தான் போட்டேன்.

"வாணாம்னு கையெய்த்து போட்ற காகிதத்தக் குடு"ன்னாங்க. நான் இல்லைன்னேன். "உன் பையில கீது. குடு"ன்னாங்க. நாற்காலியில உக்காந்து, காலை நீட்டிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா பேரை எழுதினாங்க. பேனாவை மூடி என் கையில குடுத்தாங்க. நான் வெளியே வந்ததும் கொக்கி விழுந்துச்சு.

6

அந்த ஃபாரத்தை நாலு நாள் கார் பெட்டியிலயே வெச்சிருந்தேன். குடுக்காம இருந்தா நான் தொடர்ந்து போகலாமேன்னு. போனேன். கதவாண்ட யாரும் வரல, அந்தத் தடவை டிவி சத்தம் கூட இல்ல. டாக்டர்கிட்டச் சொன்னேன், அவங்க வீட்ல போன் இல்ல, அவர் எப்படிக் கூப்பிடுவார்? மகனுக்குக் கடுதாசி எழுதினேன், விலாசம் பழசுன்னு திரும்பி வந்துச்சு. அஞ்சாவது நாள் பிரெண்டா மேஜையில கையை நீட்டி "அந்த ஃபாரம் எங்கே?"ன்னாங்க. எங்க குடும்பம் நின்னது என் வேலையில. தேவராஜுக்கு மில்லுல ஆள் குறைக்கிறாங்கன்னு பேச்சு. குடுத்துட்டேன்.

சாப்பிடறப்ப தேவராஜ்கிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஷீலா கேட்டுக்கிட்டே இருந்தவ நிமிர்ந்து, "அம்மா, பசிச்சா பசிக்குதுன்னும், வேணும்னா வேணும்னும் முதல்லயே சொல்லியிருக்கலாமே, எதுக்கு இவ்ளோ?"ன்னா. இங்கிலீஷ்லதான். அவளுக்கு அது அவ்ளோ சுலபம். எனக்குச் சுள்ளுன்னு கோபம் வந்துச்சு, "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு"ன்னேன். அவ சொன்னதுல என்ன தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன், ஒண்ணும் தோணல.

மான் வேட்டைக்கு லீவு விடற சமயத்துல மகன் ஊருக்கு வந்திருக்கார். அம்மா ஜுரத்துல நினைவில்லாம கிடந்திருக்காங்க. தூக்கிக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில போட்டார். முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. கேஸைத் திறக்கச் சொல்லி நான் போட்ட மனுவுக்கு அதுக்கடுத்த வாரம் பதில் வந்துச்சு. சம்மதம்னு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம், பூ எதுவும் எடுத்துக்கிட்டுப் போகல. எதை எடுத்துக்கிட்டுப் போனாலும் அது கிறிஸ்துமஸ் பெட்டி ஆயிடும்னு பயம். வார்டு நர்ஸ் என்கிட்ட, "ஆபரேஷனுக்கு முன்னாடியும் அழல, கண்ணு முழிச்சு காலைப் பார்த்தப்பவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, அழுத்தமான பொம்பளை"ன்னு சொன்னா. நான் கட்டிலாண்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். மன்னிச்சிடுங்கன்னேன். வேற என்ன சொல்றது?

"கால வுடு. அது போனது போச்சு"ன்னாங்க. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுகினே கீறேன். நெஜத்தச் சொல்லு. அன்னிக்கு நெஜமாவே பசியோட வந்தியா?"

இல்லைன்னா, அன்னிக்கு நான் ஆடினது நாடகம்னு ஆயிடும். அந்த நாடகத்துக்காக அவங்க காலி டின்னைத் தட்டினாங்கன்னு ஆயிடும். இனிமேலாவது அந்தம்மாவுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு நினைச்சேன்.

"ஆமாம் வெர்னாம்மா. நல்ல பசி"ன்னேன்.

அவங்க உதடு கோணிக்கிச்சு. காலுக்கு அழாத பொம்பளை, என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. "பசின்னு வாய் தொறந்து கேட்டவள வெறும் வயித்தோட அன்ப்பிட்டனே. எங்கம்மா சாவற வரிக்கும் அப்டி ஒருத்தர அன்ப்பினதில்ல. நான் அன்ப்பிட்டனே"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்க. வார்டு நர்ஸ் ஓடி வந்து வலிக்குதான்னு கேட்டா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அந்த வாரமே மகன் அவங்களைத் தன் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். நாலு வருஷம் ஆச்சு. உயிரோட இருக்காங்களான்னு தெரியாது. இருந்தா அதை நினைச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. இந்த ஒண்ணை மட்டும் தேவராஜ்கிட்ட கூட நான் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். அன்னிக்குக் காலையில ஆறு இட்லி சாப்ட்டு, காப்பியும் குடிச்சிட்டு, வயிறு நிறைஞ்சுதான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.